ஒரு தரம் அழுத்தினால் போதும்

அத்தியாயம் 14

ஜெயசீலி அன்று விடிந்ததும் செய்த முதல் காரியம், சோற்றையும் குழம்பையும் பிரித்தது.

சோறு மகள் ஃப்ளோராவின் பைக்குப் போனது. கருவாட்டுக் குழம்பு மகன் ஷெர்வினின் பைக்குப் போனது. அக்காவும் தம்பியும் பெங்களூருக்குப் போவது ஒரே ரயிலில். அன்று போய் உட்காரப் போவதும் ஒரே மேஜையில். ஆனால் பத்து நாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சோறு ஓரிடம், குழம்பு ஓரிடம் என்று இருந்தால் மத்தியானப் பசிக்கு வழிக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பது பெற்றவளின் கணக்கு.

"பசிச்சா ஒருத்தர ஒருத்தர் தேடிக்கினு வருவீங்க," என்று இரண்டு பைக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என்ன சண்டை என்பதைப் போன வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்புக் கருவிகள் செய்கிற கம்பெனிகள் சேர்ந்து பெங்களூரில் ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. கடைவீதியில் ஒன்றை ஒன்று முறைத்துக்கொள்கிற கம்பெனிகள்தான். ஆனாலும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்று பொதுவில் ஒரு விதி இல்லாவிட்டால் ஒருத்தர் செய்த போன் இன்னொருத்தர் போட்ட கம்பியோடு பேசாது. அதனால் இங்கே மட்டும் பகையை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, தரநிலை என்று ஒன்றை எழுதிக்கொள்கிறார்கள். இப்போது எழுதுவது, மலையைக் குடைந்து போட்ட சாலைகளிலும் மெட்ரோ குகைகளிலும் ஆபத்துக்கு அழைக்கிற போனுக்கான தரநிலை. அந்த வரைவை எழுதியவள் நம் ஃப்ளோரா. சின்னக் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். இரண்டு வருட உழைப்பு.

வரைவு எல்லா உறுப்பினர்களுக்கும் சுற்றுக்குப் போனது. சின்னச் சின்னத் திருத்தங்களோடு எல்லோரும் சரி என்றார்கள். ஒரே ஒரு பெரிய கம்பெனி மட்டும், 'ஆறாம் பிரிவு ஏற்கத்தக்கதல்ல' என்று ஒற்றை வரியில் ஆட்சேபம் அனுப்பியது. ஏன் என்பதற்கு அரைச் சொல் இல்லை. அந்தக் கம்பெனியில்தான் ஷெர்வினுக்கு வேலை. அந்த வரியை அனுப்பியவனும் அவனே. ஏன்டா இப்படி என்று அக்கா சாப்பாட்டு வேளையில் கேட்டாள். தம்பி தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து மௌன விரதம்.

இன்று ஓட்டெடுப்பு.

அப்பா டேவிட்டுக்கு இந்தப் பிணக்கெல்லாம் கண்ணில் படவே இல்லை. அவர் தரையில் நடந்து பல நாளாயிற்று. ஏனென்றால் அந்த ஆறாம் பிரிவு அவருடைய பிரிவு.

ஆறாம் பிரிவு சொல்வது இதுதான். போனில் ஒரே ஒரு பெரிய பொத்தான். ஒரு தரம் அழுத்தினால் அழைப்பு போகும். மறுபடி அழுத்தினால் அழைப்பு துண்டாகும். புகையிலும் இருட்டிலும் பதறிப்போய் நிற்கிறவன் இதைச் சரியாகச் செய்வானா என்று கூட்டமைப்பில் கேட்டபோது, சோதித்தே காட்டிவிடலாம் என்றாள் ஃப்ளோரா. மூடிப்போன மைசூர் மைன்ஸ் சுரங்கத்துப் பக்கம் ஒரு நீளமான பழைய ஸ்டோர் ஷெட்டைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் மேல் புகை விடுகிற மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். புகைக்குள் போக ஆள் வேண்டுமே என்றபோது, டேவிட், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய தன் லைன் வீடுகளிலிருந்து ஒரு பட்டாளத்தையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒவ்வொருவராகப் புகைக்குள் போனார்கள். ஒவ்வொருவரும் பொத்தானை ஒரே ஒரு தரம் அழுத்தினார்கள், கையை எடுத்தார்கள், பதில் குரல் வரும்வரை நின்றார்கள். ஆண், பெண், இளசு, கிழடு, ஒருவர்கூடப் பிசகவில்லை. கூட்டமைப்பு மூக்கில் விரலை வைத்தது. ஆறாம் பிரிவு அப்படியே வரைவில் ஏறியது.

அன்றிலிருந்து சர்ச் வாசலிலும் டீக்கடையிலும் டேவிட்டின் பேச்சு ஒன்றுதான். சாம்பியன் ரீப்ஸ் ஆளுங்க கை வெச்சதுதான் இனிமே இந்தியாவுக்கே ஸ்டாண்டர்டு. இன்று சாயங்காலத்துக்கு ஆண்டர்சன்பேட்டை பேக்கரியில் கேக் சொல்லியாயிற்று. அதன்மேல் 'ஆறாம் பிரிவு' என்று எழுதச் சொன்னபோது பேக்கரிக்காரர் இது எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாராம். பேண்ட் செட்டுக்கும் சொல்லி வைத்திருந்தார்.

கிளம்பும்போது கேட்டருகே வந்து மகள் கையைப் பிடித்துக்கொண்டார். "பாஸாச்சுன்னா மூணு குடும்மா. இல்லாட்டி ஒண்ணு. நான் திருப்பிக் குடுக்குறேன்."

மூன்று என்றால் மூன்று மிஸ்டு கால். டேவிட், தங்கச் சுரங்கம் மூடுகிற வரை கேஜ் வாசலில் மணி அடித்தவர். கேஜ் என்பது ஆட்களை ஆழத்துக்கு இறக்கி ஏற்றுகிற கூண்டு. ஓடுகிற கேஜுக்கு ஒரு மணி அடித்தால் நில் என்று அர்த்தம். மூன்று அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள், பார்த்துப் போ என்று அர்த்தம். அடித்ததும் என்ஜின் அறையிலிருந்து அதே எண்ணிக்கையில் பதில் மணி வரும். அது வருவதற்குள் மறுபடி கை வைத்தால் ஒன்று இரண்டாகிவிடும், இரண்டு மூன்றாகிவிடும், ஆள் உயிர் போய்விடும். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வீட்டு போன் இன்னும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. லைனில் பாதி வீடுகள் அப்படித்தான்.

சாம்பியன் ஸ்டேஷனில் ரயில் வந்தது. மாரிகுப்பத்தில் ஏறியவர்கள் கைக்குட்டை போட்டுப் பிடித்து வைத்த சீட்டுகளில், வழக்கம்போல அக்காவுக்கும் தம்பிக்கும் எதிரெதிர் இடம். ஷெர்வின் குழம்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். ஃப்ளோரா சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு தன் மடிக்கணினியைப் பார்த்தாள். தங்கம் எடுத்த கழிவு மண் குவிந்த சயனைட் மேடு வெயிலில் வெளுத்துப் பின்னால் போனது.

அவளுக்குள் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. இன்று நிறைவேறினால் தேசத்தில் எந்தக் குகையில் எந்தக் கம்பெனி போன் மாட்டினாலும் அவள் எழுதிய வாக்கியப்படிதான் இருக்கும். லைன் வீட்டில் பிறந்து ரயிலில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவளுக்கு இது சின்ன விஷயமா என்ன. இதில் தம்பிதான் ஒரே முள். பெரிய கம்பெனிக்குப் போனதும் அவர்கள் வாலைப் பிடித்துக்கொண்டான் என்று நினைத்து நினைத்து மனம் புண்ணாகியிருந்தது.

கூட்டமைப்பின் அலுவலகம் ஏழாவது மாடியில். தலைவர் மமதா கன்னடத்துக்காரர். நிதானமான மனுஷி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். வந்திருந்த ஒவ்வொரு கருத்தையும் வாசித்து, அதற்குப் பதிலையும் வாசித்து, கருத்து அனுப்பியவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் அடுத்ததற்குப் போனார்.

இங்கே ஓட்டு என்றால் வெறும் தலையெண்ணிக்கை இல்லை. ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும், காரணம் சொல்லியிருந்தால், அதற்கு வழி பண்ணாமல் மேலே போகக் கூடாது. கல்யாண வீட்டில் சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கையில் பந்தி போட முடியுமா? ஆனால் காரணமே சொல்லாத ஆட்சேபத்தைப் பதிந்துவிட்டு ஒதுக்கலாம். ஒதுக்கலாமா என்று பரிந்துரை சொல்ல வேண்டியது வரைவு எழுதியவர். அதாவது ஃப்ளோரா.

ஆறாம் பிரிவின் முறை வந்ததும் மமதா ஷெர்வின் பக்கம் திரும்பினார். அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய மேலதிகாரி பிரதாப் உட்கார்ந்திருந்தார். காரணம் ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா என்று மமதா கேட்டார். சேர்க்க ஒன்றும் இல்லை என்றார் பிரதாப். ஷெர்வின் மேஜையின் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படியானால் வரைவாசிரியரின் பரிந்துரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்போம் என்று மமதா எழுந்தார். ஃப்ளோராவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலத்தான் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

ஜெயசீலியின் கணக்கு தப்பவில்லை. கீழே கேன்டீனில் வெறும் சோற்றை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? ஷெர்வின் தானாகவே வந்து குழம்புப் பாத்திரத்தை அவள் முன்னால் வைத்தான். மூடியைத் திறந்ததும் சுற்றி இருந்த இரண்டு மேஜைகள் காலியாயின. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். கருவாடு இருந்த பெரிய துண்டை அவன் அவள் பக்கம் தள்ளினான். அவள் அதைச் சாப்பிட்டாள், ஆனால் நன்றி சொல்லவில்லை.

திரும்பும்போது லிஃப்ட் வாசலில் முதலில் போய் நின்றது ஃப்ளோரா. பொத்தானை அழுத்தினாள், சிவப்பு விளக்கு எரிந்தது, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஷெர்வின் பக்கத்தில் வந்து நின்றான்.

பின்னாலேயே கூட்டத்துக்கு வந்த ஆட்கள் காபிக் கோப்பையோடு வந்தார்கள். கேபிள் கம்பெனிக்காரர், எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே பொத்தானை நாலைந்து தரம் குத்தினார். அவருக்குப் பின்னால் வந்த பெண், அவர் குத்தியதைப் பார்த்துவிட்டும் தானும் குத்தினாள். இன்னொருவர் போன் பேசிக்கொண்டே, அதைப் பார்க்காமலேயே, டக் டக் டக் என்று குத்தினார். லிஃப்ட் தன் பாட்டுக்கு நாலாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது.

ஃப்ளோரா சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சும்மா பார்க்க முடியவில்லை. அத்தனை பேரில் எரிகிற விளக்கை நம்பிப் பொத்தானைத் தொடாமல் நிற்பது இருவர்தான். தானும் தம்பியும்.

நாம் யாரை வைத்துச் சோதித்தோம் என்ற கேள்வி அவளுக்குள் எழுந்தது. அப்பாவின் லைன். கேஜில் இறங்கியவர்கள், கேஜில் இறங்கியவர்களின் பெண்டாட்டிகள், அவர்கள் வளர்த்த பிள்ளைகள். ஒரு மணி அடித்தால் பதில் மணி வரும்வரை கை வைக்கக் கூடாது என்று தாய்ப்பாலோடு குடித்தவர்கள். அந்தப் புகைக்குள் அவர்கள் நின்ற அழகைப் பார்த்து, மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான் நிற்பார்கள் என்று எழுதிவிட்டாள். ஊரே ஒரே பழக்கத்தில் வளர்ந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவளும் அதே ஊர்.

மறுபடி அழுத்தினால் அழைப்பு துண்டாகும். இவர்கள் கை பட்டால் ஓர் அழைப்பும் போய்ச் சேராது.

தம்பியைக் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்தாள். பத்து நாளில் முதல் வார்த்தை. "நீ எழுதாத காரணம் இதானாடா?"

ஷெர்வின் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். "அக்கா, என்னால சொல்ல முடியாது. வெளிய பேசக் கூடாதுன்னு ஆர்டர் கீது. அந்த ஒரு வரிய அனுப்பவே நான் பிரதாப் சார் கூட எவ்ளோ மல்லு கட்டினேன், தெரியுமா?"

"காரணம் இல்லாம அனுப்புனா ஒதுக்கிடுவாங்கன்னு உனுக்குத் தெரியாதா?"

"ஒதுக்க வேண்டியது நீதானே. நீ ஒரு தரமாச்சும் யோசிப்பேன்னு நெனச்சேன். நீ தட்டு முன்னாடி கத்த ஆரமிச்சிட்ட." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மீட்டிங்ல நேரா கேளு. கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

ஃப்ளோராவுக்குக் கண் கலங்கியது. இந்தப் பிள்ளையையா வால் பிடிக்கிறவன் என்று நினைத்தேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரம் இல்லை. லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியேறினாள். ஏழு மாடியும் அவள் காலுக்குத் தெரியவில்லை. தப்பு அச்சாகிவிடவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்ற அந்த ஒரு நினைப்பே அவளை மேலே தூக்கிக்கொண்டு போனது.

மமதா பரிந்துரையைக் கேட்டார். ஒதுக்கலாம் என்று சொல்வாள் என எல்லோரும் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளோரா எழுந்து, பரிந்துரைக்கு முன்னால் ஒரு சோதனை செய்ய அனுமதி கேட்டாள். பிரதாப் ஆட்சேபித்தார். மமதா, இங்கே ஆட்சேபத்துக்குக் காரணம் சொல்லும் வழக்கம் உண்டு என்று மெதுவாக நினைவுபடுத்தினார்.

கூட்ட அறைக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்த ஜன்னலில்லாத அறை ஒன்று இருந்தது. மாதிரி போனை அதற்குள் வைத்து விளக்கை அணைத்தாள். மறுமுனை மமதாவின் மேஜையில். ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். பின்னால் வண்டி எரிகிறது, கண் தெரியவில்லை, உதவிக்கு அழையுங்கள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

கேபிள் கம்பெனிக்காரர் முதலில் போனார். மேஜையில் போன் மணி அடித்தது, நின்றது, அடித்தது, நின்றது. மமதா ஹலோ சொல்வதற்குள் மறுபடி நின்றது. அடுத்தவர் போனார், அதே கதை. மூன்றாவது ஆள் கெட்டிக்காரர், நிதானமாக ஒரு தரம் அழுத்தினார். உடனே குரல் வரவில்லை என்றதும் அவர் கையும் சும்மா இருக்கவில்லை. அறையில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஐந்தாறு பேருக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் மமதாவே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். வெளியே வந்தவர் தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டார்.

ஃப்ளோரா மறைக்காமல் சொன்னாள். சோதனைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் மணிக்குப் பதில் மணி வரும்வரை நிற்கப் பழகிய சுரங்கத்துக் குடும்பங்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தது தான்தான். அந்த முடிவு அவர்களுக்கு உண்மை, மற்றவர்களுக்கு இல்லை.

இருட்டறை விளையாட்டெல்லாம் தொழில்நுட்பக் காரணம் ஆகாது என்றார் பிரதாப்.

ஃப்ளோரா தம்பியைப் பார்த்தாள். வீட்டில் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடவில்லை. "மிஸ்டர் ஷெர்வின், மாட்டப்பட்ட போன்களில் இப்படி நடந்து உங்களுக்குத் தெரியுமா?"

ஷெர்வின் பிரதாப்பைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், எழுந்து நின்றான்.

"தெரியும்," என்றான்.

பிறகு நிற்காமல் சொல்லி முடித்தான். அவர்கள் கம்பெனி இதே மாதிரிப் பொத்தான் வைத்த போன் மாட்டிய ஒரு குகையில் லாரி ஒன்று புகைந்திருக்கிறது. டிரைவர் பொத்தானைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அழைப்பு போய்ப் போய்த் துண்டானது. நல்ல வேளையாக நடந்தே வெளியே வந்துவிட்டார். கம்பெனி விஷயத்தை அமுக்கிவிட்டது. இரண்டாவது அழுத்து அழைப்பைத் துண்டிக்கவே கூடாது. அழுத்தினவனுக்கு, கேட்டாயிற்று, வருகிறோம் என்று சொல்ல ஒரு விளக்கு உடனே எரிய வேண்டும்.

"பதில் மணி மாதிரி," என்றாள் ஃப்ளோரா தன்னை மறந்து. அப்பாவின் லைன் ஆட்கள் ஒரு தரம் அழுத்திவிட்டு நின்றது பதில் வரும் என்ற நம்பிக்கையில். வரைவில் அவள் அழுத்தை மட்டும் எழுதினாள், பதிலை எழுதாமல் விட்டுவிட்டாள்.

மமதா கண்ணாடியைக் கழற்றினார். ஆட்சேபத்துக்கு இப்போது காரணம் இருக்கிறது. ஆறாம் பிரிவு திரும்பப் போகிறது. ஓட்டெடுப்பு ஒத்திவைக்கப்படுகிறது. இந்த முறை தெருவில் போகிற வருகிறவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும், புதிய வரைவு மறுபடி எல்லோருக்கும் சுற்றுக்குப் போக வேண்டும். அதை எழுதுவது ஃப்ளோராவும் ஷெர்வினும் சேர்ந்து. சம்மதமா என்று சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். பிரதாப் மட்டும் தன் பையை மூடிக்கொண்டிருந்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஆனால் ஃப்ளோராவுக்கு அழுகை வரவில்லை, குதிக்க வேண்டும் போலிருந்தது. கெட்டுப்போன வெண்ணெயை ஊருக்கே பரிமாறாமல் தப்பித்தோமே என்ற சந்தோஷம்.

சாயங்கால ரயிலில் அக்காவும் தம்பியும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பத்து நாள் பாக்கி இருந்த பேச்சையெல்லாம் பேசினார்கள். விளக்கு பச்சையா மஞ்சளா, புகையில் எது தெரியும், கண் தெரியாதவருக்கு ஒரு அதிர்வும் வேண்டாமா என்று ஒரு பழைய டிக்கெட்டின் பின்னால் படம் போட்டார்கள். எதிர் சீட்டுக்காரர் சீட்டாட்டத்தை விட்டுவிட்டு, எங்க தாத்தாவுக்கு மஞ்சள்தான் தெரியும் என்று அபிப்பிராயம் சொன்னார்.

பங்காருப்பேட்டை வரும்போது ஷெர்வினுக்கு ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு அவளிடம் காட்டினான். பிரதாப் அனுப்பியது. நாளை காலை வந்ததும் முதலில் என் அறைக்கு வரவும். வேறு ஒரு வார்த்தை இல்லை.

"காரணம் எழுதாம அனுப்புறது அந்தாளுக்குப் பழக்கம்," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் அவன் தோளை அழுத்தினாள். நாளைக் கவலை நாளைக்கு. இப்போது அப்பா காத்திருப்பார். விஷயத்தை முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் மரியாதை. ஆனால் கேக்கையாவது நிறுத்த வேண்டுமே. போனை எடுத்து அப்பா எண்ணை அழுத்தி, ஒரு மணி போனதும் வைத்தாள். ஒன்று. நில்.

பதில் வரவில்லை.

கோரமண்டல் போயிற்று. பதில் இல்லை. அப்பா இதுவரை ஒரு தரம்கூடத் திருப்பிக் கொடுக்காமல் இருந்ததில்லை. போனை எங்கேயாவது வைத்துவிட்டாரா, உடம்புக்கு ஏதாவதா, யாராவது முந்திச் சொல்லிவிட்டார்களா? மறுபடி அழுத்தினாள். ஊர்காம் விளக்குகள் வந்தன. மறுபடி அழுத்தினாள்.

"அக்கா," என்றான் ஷெர்வின். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தினி தரம் அழுத்தின?"

அவளும் கட்டைவிரலைப் பார்த்தாள்.

அப்போது அவள் கையில் போன் மணி அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. இன்னொரு தரம் அடித்து நின்றது. எங்கோ வைத்துவிட்டுப் போன போனை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறார் டேவிட். வந்திருந்ததை எண்ணி, அதே எண்ணிக்கையை, பிசகாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மூன்று.

பேசியே சொல்லிவிடலாம் என்று அவசரமாக அழைத்தாள். எடுத்தது அப்பாதான். ஆனால் அவர் குரலுக்கு முன்னால் பேண்ட் செட்டின் குரல் வந்தது, அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

ரயில் வேகம் குறைந்தது. சாம்பியன் பிளாட்பாரம் தெரிவதற்கு முன்பே சரவெடிச் சத்தம் கேட்டது. புகைக்குள் நின்ற அத்தனை பேரும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஜெயசீலி தலையில் பூ வைத்திருந்தாள். இருவர் கேக் பெட்டியைத் திறந்து பிடித்திருந்தார்கள். நடுவில் கோட் போட்டுக்கொண்டு டேவிட், ரயிலைப் பார்த்து மூன்று விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஃப்ளோரா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கியதும் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று தேடினாள். ரயில் நின்றுவிட்டது.